விரல் நுனி வித்தை

சீட்டுக்கட்டுக்கு நம் குடும்பங்களில் நல்ல பெயர் கிடையாது. திண்ணையில் நாலு பேர் கூடிச் சீட்டாடினால் உள்ளே இருக்கும் பாட்டியம்மாள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவாள். பையன் கையில் ஒரு கட்டைக் கண்டால் தகப்பனாருக்கு உடனே பரீட்சை ஞாபகம் வந்துவிடும். சூதாட்டம் பல குடிகளைக் கெடுத்திருக்கிறது என்பதில் நமக்கும் மாறுபட்ட அபிப்பிராயம் இல்லை. ஆயினும், அதே 52 சீட்டுகளை வைத்துக்கொண்டு, ஒரு காசும் பந்தயம் வையாமல், எதிரில் உட்கார்ந்திருப்பவருடைய கண்ணையும் புத்தியையும் ஒருங்கே மயக்கிவிடும் கலை ஒன்று உண்டு. இந்த வாரம் அதைப் பற்றிப் பேச உத்தேசிக்கிறோம்.

மேடையில் நடக்கும் ஜால வித்தைக்கு உதவிகள் அதிகம். திரை உண்டு, விளக்கு உண்டு, பெட்டிகளும் கண்ணாடிகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சபைக்கும் மேடைக்கும் நடுவே முப்பது அடி தூரம் உண்டு. சீட்டு வித்தைக்காரனுக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. பார்ப்பவர் அவனுடைய மணிக்கட்டை எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சீட்டும் அவருடையதாகவே இருக்கலாம். நம் நாட்டுத் தெருக்களில் தரையில் உட்கார்ந்து, நான்கு பக்கமும் ஜனங்கள் சூழ, செப்பையும் பந்தையும் கொண்டு செப்பிடு வித்தை செய்தவர்களுடைய கஷ்டமும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். அவர்களுக்கு நாம் எறிந்த காலணாக்கள் மிகவும் சொற்பம் என்றே இப்போது தோன்றுகிறது.

இந்தக் கலையில் தலைசிறந்தவர் என்று அதன் வித்வான்களே ஒப்புக்கொண்ட ஒருவர் இருந்தார். டாய் வெர்னன் என்று பெயர். கானடா தேசத்து ஆட்டவா நகரில் 1894-ம் வருஷம் பிறந்தவர். 1922-ல் அவருக்கு இன்னும் பெரிய புகழ் ஏற்படவில்லை. அந்த வருஷம் சிக்காகோவில் கிரேட் நார்தர்ன் ஹோட்டலில் ஜால வித்தைக்காரர்கள் ஒரு விருந்துக்குக் கூடினார்கள். கைவிலங்கையும் சங்கிலியையும் உதறிவிட்டு வெளியே வருவதில் உலகப் பிரசித்தி பெற்ற ஹூடினியும் அங்கே இருந்தார். ஹூடினி ஆரம்ப காலத்தில் தம்மைச் 'சீட்டுக்களின் அரசன்' என்று விளம்பரம் செய்துகொண்டவர். எந்த வித்தையையும் மூன்று தரம் செய்து காட்டினால் அதன் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவதாக அவர் பெருமை பேசுவது வழக்கம்.

வெர்னன் ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார். அதன் முகத்திலே பேனாவினால் கையெழுத்துப் போடச் சொன்னார். ஹூடினி போட்டார். அந்தச் சீட்டைக் கட்டின் மேல் சீட்டுக்கு அடியில், இரண்டாவதாக வைத்தார் வெர்னன். மேல் சீட்டைத் திருப்பினார். ஹூடினியின் மைக் கையெழுத்து அங்கே இருந்தது! மறுபடியும் இரண்டாவதாக வைத்தார்; மறுபடியும் மேலே வந்துவிட்டது. மூன்று தரம் ஆயிற்று. அதே மாதிரி இன்னொரு சீட்டு ஒளித்து வைத்திருப்பதாக ஹூடினி வாதாடினார் என்றும், கையெழுத்தைக் காட்டியதும் அந்த வாதம் நிற்கவில்லை என்றும் சொல்வார்கள். மேலும் பல தரம் செய்து காட்டியும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 'ஹூடினியை ஏமாற்றிய மனிதர்' என்ற பட்டம் வெர்னனுக்கு ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டது.

அவர் என்ன செய்தார் என்பதை இங்கே நாம் வெளியிடப் போவதில்லை. வித்தைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது ஒரு புறம் இருக்க, தெரிந்துகொண்டால் நேயர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். 'இவ்வளவுதானா!' என்பார்கள். அந்த 'இவ்வளவுதானா'வில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதை விளக்குவதற்காக, பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் தெரிந்த ஒரு பழைய வித்தையை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

கட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளும்போது அதன் அடிச் சீட்டை ஒரு கணம் பார்த்துவிடுங்கள். இஸ்பேட் ஏழு என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டின் மேலே கவிழ்த்து வைக்கட்டும். பிறகு அவரே கட்டை வெட்டி, கீழ்ப் பாதியை மேல் பாதியின்மீது வைக்கட்டும். இப்போது உங்கள் இஸ்பேட் ஏழு அவருடைய சீட்டின்மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர் இன்னும் பத்து முறை வெட்டினாலும் பயம் இல்லை. வெட்டுவது என்பது ஒரு வட்டத்தைச் சுழற்றுவது போன்றது. வட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது மாறுவதில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு வந்தால், இஸ்பேட் ஏழுக்கு அடுத்து வருவது அவருடைய சீட்டு. ஏழு கடைசியாக வந்தால் முதலில் வந்ததே அவருடையது.

இதற்குச் சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். ஆனால், இஸ்பேட் ஏழு வந்தவுடன் அடுத்த சீட்டைத் தட்டி, 'இதுதான் உங்களுடையது' என்று சொல்லிவிட்டால் ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். 'எப்படியோ பார்த்துவிட்டார்' என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். கை தேர்ந்தவன் என்ன செய்கிறான்? அவருடைய சீட்டு ஆட்டின் ராணி என்றால், அதையும் மற்றவைபோல் அலட்சியமாகப் போட்டுவிட்டு மேலே போகிறான். இன்னும் நாலைந்து சீட்டுப் போடுகிறான். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை எழுகிறது: 'தவறவிட்டான்!' கையில் ஒரு சீட்டைப் பாதி உருவினபடியே நிறுத்தி, 'நான் அடுத்தபடி திருப்பப் போவது உங்கள் சீட்டு' என்கிறான் வித்தைக்காரன். கூடத்தில் உள்ள எல்லோருக்கும் அவன்மேல் பரிதாபம் உண்டாகிறது. அப்போது உருவின சீட்டை விட்டுவிட்டு, தரையில் கிடக்கும் ஆட்டின் ராணியை எடுத்துக் கவிழ்த்துத் திருப்பி வைக்கிறான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும்.

சூட்சுமம் அரை நிமிஷ வேலை. மற்றதெல்லாம் நாடகம், எதிராளியின் மனம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்து, அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும் பொறுமை. 

இதே வித்தையில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பாருங்கள்: 'பத்து ரூபாய் பந்தயம் வைக்கிறீர்களா?' உடனே இது திருட்டு ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் சாராயக் கடைகளில் இப்படியே பந்தயம் கட்டிப் பறித்தவர்கள் உண்டு. சீட்டு அதே, விரல் அதே, நிறுத்தம்கூட அதே. ஒருவன் 'ஏமாற்றப் போகிறேன்' என்று முன்னாலேயே சொல்லிவிட்டு ஏமாற்றுகிறான். மற்றவன் தோழனைப்போல் பக்கத்தில் உட்கார்ந்து ஏமாற்றுகிறான். இந்த இருவரும் ஒரே குருகுலத்தில் படித்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. 1902-ல் சிக்காகோவில் எர்ட்னேஸ் என்ற பெயரோடு ஒரு புத்தகம் வெளிவந்தது. அதன் முன்பகுதி சூதாட்டக்காரனின் கைவேலை; பின்பகுதி ஜால வித்தைக்காரனின் கைவேலை. பணத்துக்காகத்தான் எழுதினதாக ஆசிரியர் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பெயர் கொண்டவர் உண்மையில் யார் என்பது இன்றுவரை நிச்சயமாகவில்லை. சீட்டு வித்தை பயில்பவர்கள் அந்தப் புத்தகத்தை வேதம் போலப் போற்றுகிறார்கள். வெர்னன் அதைச் சிறு பிராயத்திலேயே மனப்பாடமாக அறிந்திருந்தார்.

அவர் கண்ட முக்கியமான தத்துவம் இயல்பாக இருத்தல் என்பது. ஒரு நாணயத்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு நாம் எப்படி மாற்றுகிறோம் என்று நேயர்கள் என்றாவது கவனித்ததுண்டா? வித்தைக்காரன் முதலில் கற்கவேண்டியது அதைத்தான். ரகசியம் செய்யும் கை, ரகசியம் இல்லாத நாளில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கவேண்டும். கண்ணும் அப்படியே. 2006-ல் இங்கிலாந்தில் இரண்டு விஞ்ஞானிகள் இதைப் பரீட்சித்தார்கள். ஒருவர் ஒரு பந்தை இரண்டு தரம் மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் தரம் எறிவதுபோல் பாவனை மட்டும் செய்தார். பந்து கையிலேயே இருந்தது. அவருடைய பார்வை மேலே சென்றபோது, பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதாகவே சொன்னார்கள். அவர் தம் கையையே பார்த்தபோது அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள். 'கையைவிடக் கண் வேகமானது' என்று மார் தட்டுகிறவர்கள், தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய முகத்தையே என்பதை அறியார்கள்.

வெர்னன் ஒரு கைவேலையைத் தேடிப் போன கதையும் சொல்லத் தக்கது. சீட்டாட்டத்தில் மோசடிக்காரன் நல்ல சீட்டுகளைக் கட்டின் அடியில் வைத்துக்கொண்டு, மேலிருந்து போடுவதுபோல் அடியிலிருந்து உருவிப் போடுவான். இதைத் தடுக்கத்தான் எதிராளி கட்டை வெட்டும் வழக்கம் ஏற்பட்டது. வெட்டினால் அடிச் சீட்டுகள் நடுவுக்குப் போய்விடும். ஆனால் நடுவிலிருந்தே ஒருவனால் உருவிப் போட முடியுமானால்? அப்படி ஒருவன் இருப்பதாக 1932-ல் விச்சிட்டா நகரத்துச் சிறையில் இருந்த ஒரு மெக்ஸிகோ தேசத்துச் சூதாடி வெர்னனிடம் சொன்னான். நிபுணர்கள் எல்லோரும் 'நடக்காத காரியம்' என்று சிரித்தார்கள். அமெரிக்கா முழுவதும் வேலையின்றித் திண்டாடிய காலம் அது. வெர்னன் கத்தரியால் காகிதத்தில் மனிதர்களின் நிழலுருவங்களை வெட்டிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். வேலையை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராக விசாரித்துப் போனார். மிஸௌரி மாகாணத்தில் பிளெஸண்ட் ஹில் என்ற சிற்றூரில் ஆலன் கென்னடி என்ற மனிதரைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் மேஜைமுன் உட்கார்ந்து, கட்டின் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகச் சீட்டுப் போட்டுக் காட்டினார்.

இதைப் படித்தபோது நமக்கு வியப்பும் ஏற்பட்டது. வீட்டில் இருந்த அந்த அம்மாளைப் பற்றிய கவலையும் ஏற்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் வெர்னனுடைய வாழ்க்கையில் சீட்டுக்கட்டுக்குப் பிறகே இடம் பெற்றார்கள் என்று அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். 1941-ல் நியூயார்க்கில் கட்டுமான வேலை ஒன்றுக்குப் போன இடத்தில் அவர் கீழே விழுந்து இரண்டு கைகளும் ஒடிந்தன. ஆறிய கைகளோடு மறுபடியும் சீட்டையே எடுத்தார். 1963-ல் ஹாலிவுட்டில் 'மாஜிக் காஸில்' என்ற வித்தைக்காரர்களின் மாளிகை திறக்கப்பட்டபின் அங்கேயே குருபீடமாய் அமர்ந்து, 1992-ல் 98-ம் வயதில் காலமானார். கலைக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்பதைப்பற்றி ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் வெவ்வேறு அபிப்பிராயம் சொல்லக்கூடும். நாம் நடுவே புக விரும்பவில்லை.

அவருடைய சிஷ்யர் ஒருவரைப்பற்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெர்ஸி டயகோனிஸ் என்ற பையன் 14-ம் வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வெர்னனோடு ஊர் சுற்றப் போய்விட்டான். எந்த உபாத்தியாயரும் 'உருப்படமாட்டான்' என்றுதான் எழுதியிருப்பார். பையன் பிற்காலத்தில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கணித சாஸ்திரப் பேராசிரியர் ஆனார்! ஒரு கட்டை இரு பாதியாக்கி ஒன்றோடொன்று படபடவென்று கலந்துவிடும் முறையில் எத்தனை தரம் கலைத்தால் சீட்டு நன்றாகக் கலையும் என்று 1992-ல் டேவ் பேயர் என்பவரோடு சேர்ந்து நிரூபித்தார். விடை: ஏழு. நம் வீடுகளில் இரண்டு மூன்று தரத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

ஆனால் கலைப்பவன் கை தப்பாமல், 26 சீட்டை 26 சீட்டோடு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கச்சிதமாகக் கோத்து, மேல் சீட்டு மேலேயே நிற்கும்படி எட்டு தரம் கலைத்தானானால், கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும். கணக்கில் பிரியமுள்ள நேயர்கள் மேல் சீட்டுக்குப் பூஜ்யம் என்று இலக்கம் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கலைப்பிலும் சீட்டின் இலக்கம் இரட்டிக்கும்; 51-ஐத் தாண்டினால் 51-ஐக் கழித்துக்கொள்ளவேண்டும். எட்டு தரம் இரட்டித்தால் 256 மடங்கு. 256 என்பது ஐந்து 51-ம் ஒன்றும். ஆகவே ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே வந்து சேருகிறது. 52 சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகளின் தொகை 68 இலக்கம் கொண்ட எண். அந்த மகா சமுத்திரத்தில் எட்டே அடியில் போய்த் திரும்பும் ஒரு பாதை இருப்பதும், அதை விரலாலே நடந்து காட்டுகிறவர்கள் இருப்பதும் நமக்கு எந்த இந்திரஜாலத்தையும்விட அதிக ஆச்சரியம் தருகின்றன.

விரல் என்றோம். அர்ஜண்டைனா தேசத்தில் ரெனே லவாண்ட் என்பவர் 1928-ல் பிறந்தார். ஒன்பதாம் வயதில் மோட்டார் விபத்தில் வலக்கையை இழந்தார். சீட்டு வித்தைப் புத்தகங்கள் எல்லாம் இரண்டு கைகளுக்காக எழுதப்பட்டவை. ஒன்றும் அவருக்கு உதவவில்லை. ஒவ்வொரு நுட்பத்தையும் இடக்கை ஒன்றுக்கென்று தாமே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. வெகுகாலம் பாங்கியில் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே பயின்றார். வேகத்தினால் ஏமாற்றுவது அவருடைய வழி அல்ல. கதை சொல்லுகிற குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மூன்று சிவப்புச் சீட்டையும் மூன்று கறுப்புச் சீட்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக மேஜையில் வைப்பார். திருப்பினால் சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்பார். பிறகு சற்று யோசித்து, இல்லை, முடியலாம் என்று சொல்லி, முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு சீட்டையும் கண்ணெதிரே வைத்து மறுபடியும் செய்வார். 2015-ல் 86-ம் வயதில் இறந்துபோன அந்த மனிதரின் சலனப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. நாம் நாலைந்து தரம் பார்த்தோம். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்றுதான் வைக்கிறார்.