மடிநோய்ப் பாலும் கன்றின் பங்கும்

மடிநோய் கண்ட பசுவிற்குப் பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் காம்பின் வழியே செலுத்துவது இன்று எங்கும் காணும் வழக்கம். அம்மருந்து பாலிலும் கலந்து வெளிப்படும். ஆதலின் சிகிச்சை நாட்களிலும், அதன் பின்னர்க் குறிக்கப்பட்ட நாட்களிலும் அப்பாலை மனிதர் உண்ணலாகாது, சங்கத்திலும் ஊற்றலாகாது. இந்த இடைவெளி மருந்தின் மேலுறையில் குறிக்கப்பட வேண்டும் என்றும், அது வரையறுக்கப்படாத மருந்தாயின் பாலுக்கு 7 நாட்களுக்குக் குறையலாகாது என்றும் மத்திய அரசு 2012-இல் விதி வகுத்தது.

இவையெல்லாம் வெளிக்களப் பணியாளர் அறிந்தவையே. விலக்கப்பட்ட பால் எங்கே போகிறது என்பதை நாம் கேட்பதில்லை. அது கன்றின் வயிற்றுக்குப் போகிறது.

இத்தகைய அறிவுரைகளைத் தமிழாக்குவது என் தொழில். "கொட்டிவிடுக" என்று எழுத வேண்டிய இடத்தில் "ஒதுக்கி வைக்க" என்று நானே எழுதியதுண்டு. பாலைக் கொட்டச் சொல்ல மனம் துணியவில்லை. ஒதுக்கி வைத்த பாலைக் கன்றுக்கன்றி வேறு யாருக்கு வைப்பார்கள் என்பது பின்னரே எனக்குத் தோன்றிற்று.

2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 77-இல் இம்மருந்துகளின் எச்சம் வரம்பை மிஞ்சியிருந்தது. இக்கணக்கு மனிதர் வாங்கும் பாலைப் பற்றியது; கன்று குடித்த பால் இதில் சேராது. ஆயின் கேடு அங்கேயும் விளைகின்றது. கன்றின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சிறிதளவு மருந்து நாள்தோறும் உட்சென்றால் அதற்கு இரையாகுபவை மடியும். அதனைத் தாங்கவல்லவை பெருகும். தாங்கும் ஆற்றலைத் தரும் மரபுக்கூறுகள் ஒரு வகைப் பாக்டீரியாவிலிருந்து வேறொரு வகைக்கும் தாவவல்லவை. சாணத்தின் வழியே அவை தொழுவத்திற்கும், எருவின் வழியே தோட்டத்திற்கும் வருகின்றன. மருந்து பெற்ற பசுவின் விலக்குக்காலப் பாலை உண்ட கன்றுகள் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை மிகுதியாக வெளியேற்றுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிஞர் குழு 2017-இல் தெரிவித்தது.

காய்ச்சிக் கொடுத்தால் தீங்கு நீங்காதோ என்பர் சிலர். காய்ச்சினால் கிருமி மடியும். மருந்தின் எச்சம் முழுவதும் அழியும் என்று நம்புவதற்கில்லை.

மேனாட்டுப் பெரும்பண்ணையில் இப்பால் தொட்டியில் சேரும். அதைக் கன்றுக்குக் கொடாமல் நிறுத்துவது மேலாளரின் ஒரு சொல்லில் முடியும். நெய்யாற்றின்கரையிலோ நெடுமங்காட்டிலோ ஒன்றிரண்டு பசுக்களை வைத்திருக்கும் வீட்டில் தொட்டி ஏது? கன்றை முதலில் ஊட்டவிட்டுத்தான் பால் சுரக்கச் செய்கிறார்கள். மருந்துச் செலவோடு விற்பனையும் நின்ற குடும்பத்தாரிடம் கன்றையும் பட்டினி போடு என்று கூற நமக்கு என்ன உரிமை?

திருவனந்தபுரத்தில் 2018-இல் கேரள அரசு மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் செயல்திட்டத்தை வெளியிட்டது. இந்திய மாநிலங்களுள் இதனை முதலில் செய்தது கேரளமே; மனித மருத்துவத்தோடு கால்நடைத் துறையும் அதில் இடம்பெற்றது. மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கும் கடைகளைக் கண்டறியும் முயற்சி 2024-இல் தொடங்கிற்று. இவை பாராட்டத்தக்கவை. எனினும் கடையில் வைக்கும் காவல் தொழுவம் வரை எட்டாது. அங்கே வேண்டுவது பால்.

கணக்குப் பெரிதன்று. இளங்கன்றுக்கு நாளொன்றுக்கு உடலெடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பால் தேவை. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர்; 7 நாட்களுக்கு 21 லிட்டர். சிகிச்சை நாட்களையும் கூட்டினால் இன்னும் சில லிட்டர். மருத்துவரின் சீட்டைக் காட்டும் உறுப்பினருக்கு இவ்வளவு நல்ல பாலையோ, பாலுக்கு ஈடான கன்றுத் தீவனத்தையோ சலுகை விலையில் கொடுப்பது கூட்டுறவுச் சங்கத்தால் இயலாத காரியம் என்று நான் கருதவில்லை. கறவைக்கு முன்னும் பின்னும் மடித்தூய்மை பேணி நோயையே குறைப்பது இதனினும் மலிவு. அதற்குப் பால் கறப்பவரைப் பழக்க வேண்டும், அது மெதுவாகவே நடக்கும்.

இனி நான் மொழிபெயர்க்கும் துண்டறிக்கையில் "இப்பாலைக் கன்றுக்கும் கொடாதீர்" என்ற வரியைச் சேர்க்கக் கேட்பதாக இருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில் மாற்றுப் பால் கிடைக்கும் இடம் குறிக்கப்பட வேண்டும். அந்த இடத்தைத் துறையினரும் சங்கத்தாருமே நிரப்ப இயலும்.

ஒன்றை மட்டும் பணியாளர் பிரித்துக் கூறுவாராக. இவ்விலக்கைக் கேட்டு எவரும் பிறந்த கன்றுக்குச் சீம்பாலை மறுத்துவிடலாகாது. பால் வற்றும் காலத்தில் மருந்திட்டு, உரிய இடைவெளி கழிந்தபின் ஈன்ற பசுவின் சீம்பாலைக் கன்று பிறந்த சில மணி நேரத்திற்குள் ஊட்ட வேண்டும்.