சுவரொட்டியில் விடுபட்ட டீச்சர்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

நம் ஊர்களில் ஒருவர் மறைந்தால் மறுநாளே சுவரெங்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. ஆண் என்றால் பெயருக்குக் கீழே அவர் பார்த்த உத்தியோகம் இருக்கும். பெண் என்றால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், பிறகு பேரன் பேத்திகள். அவர் உத்தியோகம் பார்த்தவராக இருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். இது முறையன்று என்பது என் தாழ்மையான கருத்து.

2023இல் எங்கள் தெருவில் காலமான டீச்சரம்மாவை வைத்தே சொல்கிறேன். 1966 முதல் 2005 வரை, 39 ஆண்டுகள், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனதே 1981 ஜூனில்தான்; அதற்கு முந்திய காலத்தையும் பார்த்தவர். அவருடைய சுவரொட்டியில் ‘பாசமிகு பாட்டி’ என்று இருந்தது, உறவினர் பெயர்கள் பதினான்கு இருந்தன, பள்ளிக்கூடம் இல்லை. அதே வீட்டில் அவர் கணவர் இறந்தபோது ‘ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்’ என்று மறவாமல் அச்சிட்டிருந்தார்கள்! (சம்பளம் டீச்சருக்குத்தான் அதிகம் என்பார் என் அம்மா.)

அது ஈராசிரியர் பள்ளி. ஒரே அறையில் மூன்று வகுப்புகளை அவர் ஒருவரே பார்ப்பாராம். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபின் பிள்ளைகள் வரத்து கூடியது. ஆயினும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பெண்பிள்ளை நின்றுவிடும். என் அம்மாவும் அப்படி நின்றவர்தான். டீச்சர் வீடு தேடி வந்து, “தம்பியையும் தூக்கிக்கிட்டு வா” என்றாராம். வகுப்பறை உத்தரத்தில் பழஞ்சேலைத் தூளி கட்டி, அதில் என் மாமாவைப் போட்டுவிட்டு அம்மா வாய்ப்பாடு படித்தார். நடுநிலைப் பள்ளி மூன்று மைல் தள்ளி இருந்ததால் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் என் கல்லூரி விண்ணப்பத்தை வரிவரியாகச் சரிபார்த்தார்.

ஓய்வுக்குப் பின் டீச்சர் பாட்டியானார். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில், பேத்தி இவரிடம். மாலையில் திண்ணையில் பேத்தியோடு நாங்கள் ஏழு பேர். புளியங்கொட்டையில் பெருக்கல். விடுமுறை நாளில் வேப்பமரத்து நிழலுக்கு மணிக்கொரு கோடு போட்டு அளக்கச் சொல்வார். நான் இயற்பியல் எடுத்தது அந்தக் கோடுகளால்தான். பேத்திக்குத் தலை வாரிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார். தப்பினால் சடை ஓர் இழுப்பு! இதில் பாட்டி எது, டீச்சர் எது?

“போனபின் பதவி எதற்கு? பாசம்தானே பெரிது?” என்றார் நண்பர் ஒருவர். நல்லது. ஆனால் எழுத்தருக்கு மட்டும் பாசம் போதாமல் போனது ஏன்? எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு முதல் புத்தகம் சுவர்தான். நானும் அப்படிப் பழகியவன். அந்தத் தெருவில் ஒரு பெண் 39 ஆண்டுகள் சம்பளம் வாங்கி வேலை பார்த்தாள், ஓய்வூதியம் வாங்கினாள் என்ற செய்தி, அதைப் படிக்கும் ஒரு சிறுமிக்கு எங்கிருந்து கிடைக்கும்?

வீட்டாரைக் குறை கூறுவதற்கில்லை. துக்க வீட்டில் யாருக்கு என்ன நினைவு இருக்கும்? அச்சகத்துக்கு விஷயம் எழுதிக் கொடுக்கப் போவது பெரும்பாலும் நம்மைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகள்தாம். ஒரு வரி கூடுவதற்கு அச்சகத்தார் கூடுதலாகக் காசு கேட்பதில்லை. விசாரித்துவிட்டேன்.