ட்ரைவரின் சுமையறிந்து விளக்கேற்றுவோம்

கெலிஓயாப் பக்கத்து வீடுகளிலும் இன்று எல்.ஈ.டி. விளக்குகள்தாம். பெருநாளோ கலியாணமோ நெருங்கினால், "இருக்கிற ட்ரைவரிலேயே இன்னும் இரண்டைக் கொளுவினால் என்ன?" என்ற பேச்சு எழும்.

சகோதரிகளே, முதலில் ட்ரைவரில் ஒட்டியுள்ள சீட்டை வாசியுங்கள். ட்ரைவரில் இரு வகை உண்டு.

ஒன்று, மின்னோட்டத்தை மாறாமல் வைப்பது. சீலிங் பெனல்களோடு பெரும்பாலும் வருவது இதுவே. '300 மில்லி அம்பியர், 24 - 42 வோல்ட்' என்பதுபோல் எழுதியிருக்கும். இதில் இன்னொரு விளக்கைச் சமாந்தரமாக இணைத்தால், மின்னோட்டம் பங்குபோய் இரண்டும் மங்கும். தொடராக இணைத்தால் வோல்ட் கூடும். 36 வோல்ட் விளக்குகள் இரண்டுக்கு 72 வேண்டும். ட்ரைவர் தருவதோ 42. விளக்கு மினுங்கும், அல்லது எரியவே எரியாது. ஆகவே இதில் கைவைக்காதீர்கள்.

மற்றது, பட்டி விளக்குகளுக்கு 12 வோல்ட்டை மாறாமல் தருவது. இதில் சமாந்தரமாகக் கூட்டலாம். ஆனால் வொட் கணக்கு முக்கியம். 60 வொட் ட்ரைவரில் 48 வொட்டோடு நிறுத்துவது நல்லது. மீற்றருக்கு 14.4 வொட் இழுக்கும் பட்டியானால் மூன்று மீற்றர்தான். ஐந்து மீற்றர்ச் சுருள் முழுவதையும் கொளுவினால் 72 வொட்! ட்ரைவர் கொதிக்கும். பலகைச் சீலிங்குக்கு மேல், காற்றோட்டமில்லாத இடத்தில் அது கொதிக்க, கீழே பிள்ளைகள் உறங்குவதை எண்ணிப் பாருங்கள்.

புது விளக்குக்குப் புது ட்ரைவர் வாங்குவதே மேல். உள்ளே வருவது 230 வோல்ட். மெயின் சுவிட்சை அணைத்து, வேலை தெரிந்தவரைக் கொண்டே பூட்டுங்கள்.