கைநாட்டும் கால்பந்தும்

"140 கோடி பேர் இருக்கோம். பந்தை உதைக்கப் பதினோரு பேர் கிடைக்கலியா?" 2022 உலகக் கோப்பையின்போது வங்கியில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். தலைக்கணக்குதான் முக்கியம் என்றால், இன்றைக்கும் சுமார் 35 லட்சம் பேரே வாழும் உருகுவே 1930லும் 1950லும் கோப்பையை வென்றது எப்படி? மைதானத்துக்குள் யாரை விட்டான், யாரை விரட்டினான் என்று கேட்க வேண்டும் தோழர்களே.

பிரேசிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு. கால்பந்து அங்கே வெள்ளைக் கனவான்களின் கிளப் விளையாட்டு. 1923இல் ரியோவின் வாஸ்கோ ட காமா கிளப் கறுப்பர்களையும் ஏழைத் தொழிலாளர்களையும் சேர்த்து ஆடி லீக் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. பெரிய கிளப்புகளுக்குப் பொறுக்கவில்லை. 1924இல் தனிச் சங்கம் கட்டின. உள்ளே வரணும்னா பன்னிரண்டு பேரை நீக்கு என்றன. நிறத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. படிப்பு, தொழில், தகுதி என்றுதான் பேசின. வாஸ்கோ தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ், எங்கள் ஆட்களை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று கடிதம் எழுதினார்.

இந்தத் தகுதிப் பேச்சு நமக்குப் புதுசா? தினமும் ஸ்டாம்ப் பேடை நீட்டுகிறவன் நான். பைசா பிசகாமல் கணக்குச் சொல்கிற கிழவிக்கு கவுண்டரில் பெயர் 'கைநாட்டு'.

1933இல் ஆட்டத்துக்குச் சம்பளம் வந்தது. கூலிக்காரன் வயிற்றைக் காயப்போடாமல் ஆட முடிந்தது. 1938 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர் கறுப்பரான லியோனிதாஸ். கதவு திறந்தால் போதுமா? 1950இல் உருகுவேயிடம் தோற்றபோது பழி கோல்கீப்பர் பார்போசா, பிகோடி என்று கறுப்பர் தலையில் விழுந்தது. ஜெயித்த உருகுவேயின் கேப்டன் ஒப்துலியோ வரேலாவும் கறுப்பு வம்சம்தான். அதை எவன் பார்த்தான்? 2000இல் சாகும்வரை பார்போசாவை அந்தப் பழி விடவில்லை.

1958. பிரேசில் அணியோடு போன உளவியல் நிபுணர் 17 வயது பெலேயும், ஆலை ஊரிலிருந்து வந்த வளைந்த காலன் காரிஞ்சாவும் ஆடத் தகுதியில்லாதவர்கள் என்றார். பயிற்சியாளர் ஃபியோலா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இருவரையும் இறக்கினார். கோப்பை வந்தது. இருவரும் சேர்ந்து ஆடிய எந்தப் பன்னாட்டு ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை.

பணம், பயிற்சி, மைதானம் எல்லாம் வேணும். மறுக்கவில்லை. யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

இதைச் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரர், "எல்லாத்துலயும் சாதியைக் கொண்டாந்துடுவீங்களே" என்றார். நான் கொண்டுவரவில்லை சார். அது முன்னாடியே வந்து வாசலில் நிற்கிறது. உங்க ஊர் மைதானம் எந்தத் தெருவுல இருக்கு? சேரிப் பிள்ளை பந்தோட அங்கே போனா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க. பதினோரு பேரை நான் சொல்றேன்.