கூச்சலிடும் திருடனும் ஓசைப்படாத திருடனும்

தஞ்சை ஜில்லாவில் முன்னெல்லாம் ஒரு குடும்பத்தின் சொத்து எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். நெல் குதிரில் இருக்கும். பணம் பெட்டகத்தில் இருக்கும். கடிதங்கள் கம்பியில் கோக்கப்பட்டுச் சுவரில் தொங்கும். இரவில் கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டால் வீட்டுக்குடையவர் நிம்மதியாகக் கண்ணுறங்குவார்.

இன்று அப்படியில்லை. திருவிடைமருதூரைச் சுற்றியுள்ள கிராமத்து மிராசுதார் கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல்லைப் போட்டால், அதற்குரிய பணம் அவருடைய பாங்கிக் கணக்கில் போய்ச் சேருகிறது. பட்டு நெய்யும் வீடுகளில் சேலைகளின் படங்களும் பாக்கிக் கணக்கும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. கடல் கடந்து சென்ற பிள்ளையின் முகத்தைத் தாயார் காண்பதும் அதே கம்ப்யூட்டரில்தான். குதிர், பெட்டகம், தபாற்பை மூன்றும் கூடத்து மூலையிலுள்ள ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன என்று சொன்னால் மிகையாகாது. அப்பெட்டிக்குள் கள்வன் புகுந்துவிட்டானோ என்ற சந்தேகம் எழுந்தால் என்ன செய்வது? இவ்வாரம் நாம் நேயர்களுடன் ஆலோசிக்க விரும்பும் விஷயம் இதுதான்.

கம்ப்யூட்டர் என்பது நாம் இடும் கட்டளைகளின்படி நடக்கும் வேலையாள். அக்கட்டளைத் தொகுதியைப் புரோகிராம் என்கிறார்கள். நமக்குத் தெரியாமல், நமக்குத் தீங்கு செய்வதற்கென்றே உள்ளே புகுத்தப்படும் புரோகிராமுக்கு மால்வேர் என்று பெயர். வைரஸ் என்பது அதில் ஒரு ஜாதி. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவிய ஆதி வைரஸ்களில் ஒன்று நம் அண்டை வீட்டிலேயே பிறந்தது. 1986-ல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்பதே அது. தகடுகளின் வழியாக அது உலகமெங்கும் பரவிற்று. வேடிக்கை என்னவென்றால், எழுதியவர்கள் தங்கள் பெயரையும் டெலிபோன் எண்ணையும் அதற்குள்ளேயே பொறித்து வைத்திருந்தார்கள்! இக்காலத்துக் கள்வர்கள் அவ்வளவு வெள்ளை மனம் படைத்தவர்கள் அல்லர்.

கள்வர்களில் இரு வகையினர் உண்டு. கூச்சலிட்டு வருபவன் ஒருவன். ஓசைப்படாமல் வருபவன் மற்றொருவன். ஜனங்கள் பெரும்பாலும் முதலாமவனைக் கண்டு நடுங்குகிறார்கள். இரண்டாமவனைக் கவனிப்பதே இல்லை. பணத்தை இழப்பதற்கு இந்தத் தடுமாற்றமே முக்கிய காரணம்.

முதலாமவனைப் பார்ப்போம். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டரில் பஞ்சாங்கம் தேடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். திடீரென்று திரை முழுவதும் சிவந்து, அபாயச் சங்கு ஊதுகிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது! அணைக்காதீர்கள்! உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்!' என்று எழுத்துக்கள் மின்னுகின்றன. பெரியவர் நடுங்கும் கரத்துடன் டெலிபோனை எடுக்கிறார்.

"தாத்தா, அந்த எண்ணுக்குப் பேச வேண்டாம்" என்று பேத்தி தடுக்கிறாள்.

"ஏனம்மா? அணைக்காதே என்றல்லவா போட்டிருக்கிறது?"

"திருடன் போகாதே என்றால் நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்களா, தாத்தா?"

பேத்தியின் கட்சியே நியாயம். நாம் பார்க்கும் ஓர் இணையப் பக்கத்திற்கு நம் பெட்டியின் உட்புறத்தைச் சோதித்துப் பார்க்கும் சக்தி கிடையாது. வீதியில் போகிறவன் வாசலில் நின்று, 'உங்கள் வீட்டு உத்தரத்தில் கரையான்' என்று கூவுவதைப் போன்றது அது. உண்மையான காவற் புரோகிராம் எதுவும் டெலிபோன் எண் கொடுத்துப் பேசச் சொல்வதில்லை.

அந்த எண்ணுக்குப் பேசினால் நடப்பது என்ன? மறுமுனையிலுள்ளவன் மிக மரியாதையாகப் பேசுவான். தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் ஒரு புரோகிராமைப் போட்டுக்கொள்ளச் சொல்வான். பிறகு கம்ப்யூட்டரின் தினசரிக் குறிப்பேடு ஒன்றைத் திறந்து, "பாருங்கள், எத்தனை பிழைகள்!" என்பான். அத்தகைய சிறு பிழைக் குறிப்புகள் ஆரோக்கியமான கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் இருப்பவை. பயந்துபோனவருக்கு அது எப்படித் தெரியும்? அப்புறம் கட்டணம், அப்புறம் பாங்கி விவரம், அப்புறம் டெலிபோனில் வரும் ரகசிய எண் என்று வரிசையாகக் கேட்டுப் பெறுவான். இத்தொழிலை நடத்தும் கூட்டங்கள் பல நம் நாட்டிலேயே இருந்துகொண்டு அயல்நாட்டு முதியவர்களை ஏய்த்து வந்தன என்பது நமக்குத் தலைகுனிவு. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் 'ஆபரேஷன் சக்ரா' என்ற பெயரில் இரண்டாம் முறையாக நாடெங்கும் சோதனை நடத்தியபோது, இத்தகைய கூட்டங்களும் அதில் சிக்கின.

ஆகவே, திரை கூச்சலிட்டால் செய்ய வேண்டியது எளிது. எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை கலையும். பிறகு அப்பக்கத்தை மூடிவிடலாம். மூட மறுத்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தி, வரும் பட்டியலிலிருந்து பிரவுஸரை நிறுத்தலாம். அதுவும் கைகூடாவிட்டால், மின்சார விசையைக் கம்ப்யூட்டர் அணையும் வரை அழுத்திப் பிடிக்கலாம். மீண்டும் திறக்கையில், 'பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா?' என்று அது கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரையின் மூலையில் அடிக்கடி தலைநீட்டும் வைரஸ் எச்சரிக்கைகளும் பெரும்பாலும் இந்த வகையே. என்றோ ஒரு தளத்திற்கு 'அறிவிப்பு அனுப்பலாம்' என்று நாம் கொடுத்த அனுமதியின் விளைவு அது. பிரவுஸரின் அமைப்பில் அவ்வனுமதியை நீக்கினால் தொல்லை ஒழியும்.

இனி ஓசைப்படாத கள்வனைப் பற்றிக் கூறுவோம். 2019-ல் நடந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க உதாரணம். கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்திருப்பதாக அவ்வாண்டு செப்டம்பர் 4-ல் தகவல் கிடைத்தது. முதலில் மறுப்பு வெளியாயிற்று. அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் அதை உண்மையென ஒப்புக்கொண்டது. இணையத்துடன் தொடர்புடைய, நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் அது என்றும், உலையை இயக்கும் அமைப்பு தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கழகம் தெரிவித்தது. இதில் நமக்குப் பாடங்கள் இரண்டு. அத்தனை காவலுள்ள இடத்திலும் கள்வன் சப்தமின்றி நுழைய முடிந்தது என்பது ஒன்று. முக்கியமானதைத் தனியே பிரித்து வைத்தால், வந்தவனால் அதைத் தொட முடியவில்லை என்பது மற்றொன்று.

ஓசைப்படாதவனை அடையாளம் காண்பது எங்ஙனம்? அவன் சில தடயங்களை விட்டுச் செல்வதுண்டு. நாம் எழுதாத கடிதங்கள் நம் பெயரில் நண்பர்களுக்குப் போகின்றன. காவற் புரோகிராம் தானாக அணைந்து, மறுபடி விழிக்க மறுக்கிறது. பிரவுஸரின் முதற்பக்கம் நம்மைக் கேளாமலே மாறியிருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில், கோப்புகள் யாவும் அம்புக்குறியிட்ட குறுவழிகளாக உருமாறியிருக்கின்றன. யாரும் தொடாத வேளையிலும் விசிறி இரைந்து ஓடுகிறது.

ஆனால் ஒன்று. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்பதை மட்டும் கொண்டு வைரஸ் என்று முடிவு கட்டுதல் தகாது. வயதான யந்திரம், நிறைந்துபோன கிடங்கு, விசிறியில் படிந்த தூசி, பின்னணியில் நடக்கும் புதுப்பிப்பு இவற்றில் எதுவும் காரணமாயிருக்கலாம். தலைவலி என்றதும் மூளைச் சுரம் என்று அஞ்சுவாருண்டோ? ஒன்றுக்கு மேற்பட்ட அறிகுறிகள் சேர்ந்து காணப்பட்டால் சிகிச்சையைத் தொடங்குவோம்.

முதற்காரியம், இணையத் தொடர்பைத் துண்டிப்பது. கம்பியைப் பிடுங்குங்கள், அல்லது வைஃபையை அணையுங்கள். கள்வன் எடுத்ததை வெளியே அனுப்பும் வழி அடைபடும்.

இரண்டாவது காரியத்தை விளக்கத் திருவிடைமருதூர் ஸ்தல புராணமே துணை செய்கிறது. பிரமகத்தி தொடர வந்த வரகுண பாண்டியன், கீழ வாசல் வழியாக மகாலிங்க சுவாமி கோயிலுக்குள் நுழைந்தான். பிரமகத்தி உள்ளே வர இயலாமல், அவன் திரும்பி வரட்டும் என்று வாசலிலேயே காத்து நின்றது. பாண்டியனோ தரிசனம் செய்துவிட்டு மேல வாசல் வழியாக வெளியேறி உய்ந்தான். போன வழியே திரும்பலாகாது என்னும் வழக்கம் இன்றும் அங்கு உண்டு. கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதுவே விதி. நோய் கண்ட கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால், வாசலில் காத்திருப்பவன் புதியதையும் எழுதிக்கொள்வான். நோயற்ற வேறொரு கம்ப்யூட்டரிலோ டெலிபோனிலோதான் மாற்ற வேண்டும். முதலில் ஈமெயில், அதன்பின் பாங்கி என்பது வரிசை. மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஈமெயில் வழியாகவே மாற்றிவிடலாமாகையால், சாவிக்கொத்து அதனிடம் இருக்கிறது. 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற ஏற்பாட்டையும் மறவாமல் பயன்படுத்துங்கள். பிரவுஸரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைச் சில நிமிஷங்களில் வாரிக்கொண்டு, தடயமின்றி மறையும் மால்வேர்களும் உண்டு. அவை போனபின் சோதித்தால் 'ஒன்றுமில்லை' என்றே விடை வரும். களவு போன சாவியோ கள்வனிடம் இருக்கும்.

மூன்றாவது, சோதனை. விண்டோஸில் 8-ஆம் பதிப்பு முதற்கொண்டு டிபெண்டர் என்னும் காவற் புரோகிராம் கூடவே வருகிறது. அதில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்றொரு முறை உண்டு. விண்டோஸ் முழுமையாக விழித்தெழுமுன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் வித்தை தெரிந்த வைரஸும் அகப்படும். ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். மத்திய சர்க்கார் 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரம்', மால்வேரை அகற்றும் கருவிகளை இனாமாக அளிக்கிறது. அவற்றை ஆக்கிய சுதேசிக் கம்பெனிகளுள் கே7 நம் சென்னையைச் சேர்ந்தது. ஒரே சமயத்தில் இரண்டு காவற் புரோகிராம்களை நிரந்தரமாக அமர்த்த வேண்டாம். காவற்காரர் இருவரும் ஒருவரையொருவர் திருடனென்று பிடித்துக்கொள்வார்கள்.

இவ்வளவுக்கும் நோய் அசையவில்லையென்றால், படங்களையும் கணக்குகளையும் மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாக நிறுவுவதே உத்தமம். பழைய புரோகிராம்களைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. பணம் போய்விட்டதென்று தெரிந்தால், வெட்கத்தால் மறைத்து நாளைக் கடத்துவது பெருந்தவறு. உடனே பாங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். பணம் கைமாறி மறைவதற்குள் தடுத்து நிறுத்த வழியுண்டு. அதற்கு நிமிஷங்களே கணக்கு.

வருமுன் காப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். 2017 மே 12-ல் 'வான்னாக்ரை' என்னும் மால்வேர் சுமார் 150 தேசங்களில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறந்துவிட 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது! இரண்டு மாதம் அதைப் போட்டுக்கொள்ளாமலிருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் புதுப்பிப்பின் மதிப்பு இப்பொழுது விளங்குமன்றோ? விண்டோஸ் 10-க்குரிய சாதாரணப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன என்பதையும், அதை இன்னும் வைத்திருப்போர் நினைவிற் கொள்க.

இனாமாகக் கிடைக்கும் திருட்டுப் புரோகிராம்களை வாங்காதீர்கள். திருட்டுப் பொருளோடு திருடனும் வருவான். குழந்தைகள் விளையாடுவதற்குத் தனிக் கணக்கு ஏற்படுத்திக் கொடுங்கள். புதிய புரோகிராம் நிறுவும் அதிகாரம் அக்கணக்கிற்கு வேண்டாம். முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து, தனி வட்டில் வைத்து, வேலை முடிந்ததும் வட்டைக் கழற்றிவிடுங்கள். நம் குடியானவர்கள் விதைநெல்லை உணவு நெல்லோடு கலப்பதில்லை. கோட்டை கட்டித் தனியே வைப்பார்கள். வெள்ளம் வந்து வயல் அழிந்தாலும் மறுபடி விதைக்கலாம் என்ற தைரியம் அதனால் அவர்களுக்கு உண்டு. குழந்தைகளின் புகைப்படங்களுக்கும் நெசவுக் கணக்குக்கும் அத்தகைய ஒரு கோட்டை இருந்தால், எந்தக் கள்வனுக்கும் நாம் பணயம் கொடுக்க வேண்டியதில்லை.

கூச்சலைக் கேட்டு அவசரப்படாதிருத்தல், ஓசையின்மையைக் கண்டு அயர்ந்துவிடாதிருத்தல் ஆகிய இவ்விரண்டுக்கும் பெரும் படிப்போ பொருட்செலவோ தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து புதுப்பிப்பையும் பிரதி எடுப்பதையும் முடித்துவிடலாம். 1930 என்ற எண்ணைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைப்பதும் நன்று.