ஒரே விமானம், வேறு வேறு சுவர்
இங்கிலாந்தில் தேம்ஸ் நதியைப் பார்த்தபடி அமைந்த ரன்னிமீட் வான்படை நினைவகத்தின் சுவர்களில், இரண்டாம் உலகப் போரில் புறப்பட்டுச் சென்று, கல்லறை என்று சுட்ட ஓரிடமும் இல்லாமல் மறைந்த 20,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வட கடலில் விழுந்த குண்டுவீச்சு விமானங்களின் குழுவினர் பலரும் இதில் அடக்கம். 1953-இல் திறக்கப்பட்ட இந்நினைவகத்தில் பெயர்கள் ஆண்டு, வான்படை, பதவி என்ற வரிசையில் அமைந்திருப்பதால், ஒரே லங்காஸ்டர் விமானத்தில், அதாவது நான்கு எந்திரங்கள் கொண்ட கனரக குண்டுவீச்சு விமானத்தில், ஒன்றாக மாண்ட எழுவர் வெவ்வேறு கற்பலகைகளுக்குப் பிரிந்துபோகின்றனர். கனடியர் ஒருவர் அக்குழுவில் இருந்திருந்தால் அவர் இன்னும் தொலைவில் நிற்பார். இத்தனைக்கும் பயிற்சி நிலையங்களில் விமானி, வழிகாட்டி, குண்டெறிபவர், கம்பியில்லாத் தந்தியாளர், துப்பாக்கி வீரர் ஆகியோரை ஒரு கூடத்தில் கூட்டி, அவரவர் தோழரை அவரவரே தேர்ந்துகொள்ள விட்டதுதான் அக்காலப் பிரிட்டிஷ் வழக்கம். ராணுவ ஒழுங்குக்குச் சற்றும் ஒவ்வாத வழக்கம்தான் அது. வானில் ஏறியபின் விமானி வெறும் சார்ஜெண்டாக இருந்தாலும், பின்னால் அமர்ந்த அதிகாரி அவருக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். பதவியைப் பொருட்படுத்தாது இணைந்து பறந்தவர்களை, இறந்தபின் பதவியால் பிரித்தது நிர்வாக வசதியேயன்றி வேறில்லை. கல்லை மாற்றுவது இயலாது எனினும், விமானவாரியான குழுப் பட்டியல் ஒன்றை அச்சுவர்களின் அருகிலேயே வைப்பது நினைவகத்தைப் பேணுவோர் செய்ய வேண்டிய கடமையாகும்.