துரையும் இல்லை, தாத்தாவும் இல்லை!

பாண்டிச்சேரிக்காரர் யாராவது பிரெஞ்சில் ஒரு குடும்பப் பெயர் சொன்னால் போதும், "கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரரா சார்?" என்று கேட்டுவிடுகிறோம். சில வீடுகளில் பேரன்களே அந்தத் துரையைத் தேடி அலைகிறார்கள். கலப்புக் குடும்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலருக்கு அப்படியொரு தாத்தாவே கிடையாது ஐயா!

1881 செப்டம்பர் 21-ல் பிரான்ஸ் ஓர் ஆணை போட்டது. மதம், சாதி வழிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1873-ல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனதற்காகத் தண்டிக்கப்பட்டவர். விடாமல் பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தார். ஆணை வந்ததும் 'லா போர்த்' ஆனார். கதவு என்று அர்த்தம். அவர் பின்னால் வந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள்.

சாதியை உதற நம்ம ஊர் ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கிய பெயருக்கு, இல்லாத துரையை அப்பனாக்குகிறோம். பி.காம். பாஷையில் சொன்னால், ஒருத்தர் வரவை இன்னொருத்தர் கணக்கில் எழுதுகிற வேலை. பேரன்களே, கப்பலில் வந்தவர்களை விடுங்கள். தாத்தா எழுதிக் கொடுத்த துறப்புப் பத்திரத்தைத் தேடுங்கள்.